எக்ஸ்ரே பிலிமில் கை பழகுங்கள்: லார்ஜ் பார்மட் தொடங்குகிறவர்களுக்கு வேலூரிலிருந்து

விரிஞ்சிபுரம் மதிலழகு என்று பழமொழியே உண்டு. அந்த மதிலை 4×5 கேமராவில், அதாவது ரோலுக்குப் பதில் 4க்கு 5 அங்குலத் தாள் பிலிம் போடும் லார்ஜ் பார்மட் கேமராவில், எடுக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஒரு மார்கழிக் காலையில் ட்ரைபாடும் பெட்டியுமாகக் காட்பாடியிலிருந்து கிளம்பிப் போய் நான்கு தாள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கழுவிப் பார்த்தால் ஒன்றுதான் தேறியது. ஒன்றில் டார்க் ஸ்லைடை (பிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் தகட்டை) இழுக்காமலே ஷட்டரை அடித்திருக்கிறேன். தாள் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தது. இன்னொரு ஹோல்டரை (பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாள் பிடிக்கும் சட்டத்தை) திருப்பிப் போட மறந்து, ஒரே தாளில் இரண்டு முறை எடுத்திருக்கிறேன். மதிலின் மேல் கோபுரம் ஏறி நின்றது. அந்த ஹோல்டரின் மறுபக்கத் தாள் வெளிச்சத்தையே காணவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பிலிம். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25 தாள் உள்ள ஒரு பெட்டி, கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்த்து வீடு வந்து சேர 10,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாள் 400 ரூபாய். நான்கில் ஒன்று தேறினால் ஒரு படத்தின் விலை 1,600. நான்கில் மூன்று தேறினால் சுமார் 533. பிலிமும் அதே, கடையும் அதே. கை பழகியதில் மட்டும் படத்தின் விலை மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. எந்தக் கடைக்காரரும் இவ்வளவு தள்ளுபடி தரமாட்டார். ஆகவே முதல் ஐம்பது அறுபது தவறுகளை விலை குறைந்த பிலிமில் செய்து முடித்துவிடுங்கள் என்றுதான் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன். அதற்கு வேலூர் நல்ல தோதான ஊர். இது ஆஸ்பத்திரி ஊர். இங்கே எக்ஸ்ரே பிலிம் கிடைக்கும்.

தாள் ஏன் இந்த விலை

36 படம் எடுக்கும் 35 மி.மீ. ரோல் ஒன்றை விரித்து அளந்தால் ஏறக்குறைய 80 சதுர அங்குலம் வரும். ஒரு 8×10 தாளும் அதே 80 சதுர அங்குலம்தான். 4×5 என்றால் நான்கு தாள். அதாவது ரோலில் 36 முறை அடிக்கும் பரப்பில் இங்கே நான்கு முறை, அல்லது ஒரே ஒரு முறை. பரப்புக் கணக்கு போதாதென்று, தாள் பிலிமுக்கு அடிப்படை தடிமனாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். இருட்டில் தடவி அடையாளம் காண ஓரத்தில் வெட்டுக்குறி போட வேண்டும். வாங்குகிறவர்களோ உலகம் முழுவதும் சேர்த்தும் கொஞ்சம் பேர். ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்துவந்தது. அந்த ஆலை இன்று இயங்கவில்லை. இப்போது நாம் வாங்கும் இல்போர்டு இங்கிலாந்திலிருந்தும், கோடக் அமெரிக்காவிலிருந்தும், போமா செக் நாட்டிலிருந்தும் வருகின்றன.

பெட்டி விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கோடக் 4×5 பெட்டியில் பெரும்பாலும் 10 தாள், இல்போர்டில் 25, போமாவில் 50. எப்போதும் தாளுக்கு வகுத்துப் பார்த்தபிறகே எது மலிவு என்று பேசுங்கள்.

எந்த அளவில் தொடங்குவது

4×5. வேறு யோசனை வேண்டாம். 8×10 நெகட்டிவைக் கையில் பிடித்துப் பார்க்கும் சுகம் பெரியதுதான். ஆனால் ஒவ்வொரு தவறும் நான்கு மடங்கு பிலிமைத் தின்னும். லென்ஸ், ஹோல்டர், ட்ரைபாடு எல்லாமே கனமும் விலையும் கூடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் வீட்டிலோ, மூடிவிட்ட பழைய ஸ்டூடியோ ஒன்றிலோ மரக் கேமரா கிடந்தால் அதை விடாதீர்கள். கேரளத்தில் ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி கேமராக்கள் ஒரு காலத்தில் பல ஸ்டூடியோக்களில் இருந்தன. இவை ஹாஃப் பிளேட், ஃபுல் பிளேட் அளவுக்கானவை. ஹாஃப் பிளேட் 4¾×6½ அங்குலம், ஃபுல் பிளேட் 6½×8½. இந்த அளவில் பெட்டி பிலிம் (போட்டோவுக்கென்றே வெட்டி விற்கும் தாள் பிலிம்) தேடினால் அலைச்சல்தான். ஆனால் 8×10 எக்ஸ்ரே தாளை வெட்டினால் ஹாஃப் பிளேட் இரண்டு கிடைக்கும், ஃபுல் பிளேட் என்றால் ஒன்று. மிஞ்சும் துண்டுகளைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: பழைய ஹோல்டர் கண்ணாடித் தகட்டுக்காகச் செய்தது, பிலிம் அவ்வளவு தடிமன் இல்லை. பிலிமுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்து, பிலிமின் முகம் பழைய தகட்டின் முகம் இருந்த இடத்திலேயே நிற்கும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பின்கண்ணாடியில் பார்த்த ஃபோகஸ் பிலிமில் வராது.

பழைய கேமரா எதுவானாலும் முதலில் பெல்லோஸை (லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே உள்ள மடிப்புத் துருத்தியை) பாருங்கள். இரவில் அறை விளக்கை அணைத்து, கேமராவுக்குள் டார்ச்சை விட்டு, மடிப்பு மூலைகளை மெல்ல நீட்டிச் சுருக்கிப் பார்த்தால் ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். மெல்லிய கறுப்புத் தோல் துண்டும் ரப்பர் சொல்யூஷனும் போதும், ஒட்டிவிடலாம். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்க, தோலுக்கா நமக்குப் பஞ்சம்?

எக்ஸ்ரே பிலிம் வாங்கும்போது

ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை இன்று சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கிறது. அதைச் சுற்றி லேப், ஸ்கேன் சென்டர், மருத்துவப் பொருள் கடைகள் என்று ஊரே வளர்ந்திருக்கிறது. எக்ஸ்ரே பிலிம் விற்கும் மொத்தக் கடைகளில் போய்க் கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டதால் எல்லாக் கடையிலும் கையிருப்பு இருக்காது. சொல்லி வைத்து வாங்க வேண்டி வரலாம்.

கேட்கும்போது சரியான பெயரைச் சொல்ல வேண்டும். நமக்கு வேண்டியது டெவலப்பரில் போட்டுக் கழுவும் பழைய மாதிரி பிலிம், கடைக்காரர்கள் சொல்லும் 'வெட் பிலிம்'. டிஜிட்டல் இயந்திரத்துக்கான 'டிரை பிலிம்' வேண்டவே வேண்டாம். நான் முதன்முதலில் ஒரு கடையில் இந்த வேறுபாடு தெரியாமல் டிரை பிலிம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அதைக் கேமராவில் போட்டு டெவலப்பரில் எவ்வளவு நேரம் ஆட்டினாலும் ஒன்றும் வராது. பிரிண்டருக்கான தாள் மாதிரி அது, இயந்திரம் வெப்பத்தால் படத்தை உண்டாக்குகிறது. பிரித்த பெட்டியை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை முழுக்கப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். தேதி தாண்டியதா என்றும் பாருங்கள். நம் ஊர் வெயிலில் தேதி தாண்டிய பிலிமில் மூட்டம் (படமெங்கும் சாம்பல் படலம்) வரும்.

வெட் பிலிமிலும் இரண்டு வகை. நீலத்தை மட்டும் உணர்வது ஒன்று. நீலத்தோடு பச்சையையும் உணர்வது இன்னொன்று. இரண்டாவது வகையான 'கிரீன் சென்சிடிவ்' படம் எடுக்க நல்லது. 8×10 அளவில் வாங்கி நான்காக வெட்டுங்கள். பெட்டி விலையைத் தாளுக்கு வகுத்து, அதை மறுபடி நான்கால் வகுத்துப் பார்த்தபோது, எனக்கு ஒரு 4×5 துண்டு பெட்டி பிலிமின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் வந்தது.

இருட்டறையும் வெட்டுவதும்

எக்ஸ்ரே பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. இதுதான் புதியவர்களுக்கு இதில் கிடைக்கும் பெரிய வரம்: சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே வெட்டலாம், ஹோல்டரில் போடலாம், கழுவலாம். தனி அறை வேண்டாம். இரவு பத்து மணிக்குமேல் குளியலறை போதும். ஜன்னலுக்குக் கறுப்பு ரெக்ஸின் அடித்து, கதவிடுக்கில் துணி செருகி, ஐந்து நிமிடம் இருட்டில் நின்று பாருங்கள். கண் பழகியபின் எங்கிருந்தாவது வெளிச்சம் தெரிந்தால் அதையும் அடையுங்கள். உள்ளே போகும் முன் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி அடங்கும். பாலாற்று மணல் காற்றில் ஏறும் மாதங்களில் இதைத் தவறவிடாதீர்கள்.

கடையில் விற்கும் சிவப்பு எல்.இ.டி. பல்பு எல்லாமே பாதுகாப்பானதல்ல. ஒரு துண்டு பிலிமின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கின் கீழே ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, பிறகு கழுவுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு ஆகாது. தள்ளி வையுங்கள், அல்லது மாற்றுங்கள். இந்த ஒரு துண்டு செலவைச் செய்யாமல் விட்டால் பெட்டி முழுவதும் மூட்டமாகப் போகும்.

வெட்டும் அளவு: 4×5 என்ற பெயரை நம்பி சரியாக 4க்கு 5 அங்குலம் வெட்டினால் ஹோல்டருக்குள் போகாது. ஏறக்குறைய 100 மி.மீ.க்கு 125 மி.மீ. இருக்க வேண்டும். அட்டையில் இந்த அளவுக்கு ஒரு மாதிரி வெட்டி, வெளிச்சத்திலேயே ஹோல்டரில் போட்டுப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் அரை மி.மீ. குறையுங்கள். அப்புறம்தான் பிலிமைத் தொடுங்கள். மூலைகளைக் கத்தரியால் லேசாக மழுக்கிவிட்டால் அடுத்த தாளைக் கீறாது.

கீறல்தான் எக்ஸ்ரே பிலிமின் பெரிய தொல்லை. இதன் இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும். அதனால் ஹோல்டரில் எந்தப் பக்கம் போடுவது என்ற குழப்பம் இல்லை, ஆனால் எந்தப் பக்கம் உரசினாலும் கோடு விழும். வெட்டும் பலகைமேல் மெல்லிய பட்டர் பேப்பர் விரியுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். வியர்வை விரல் பட்டால் ரேகை அப்படியே பதியும். சித்திரை வைகாசியில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்கிறேன். இப்படி வெட்டியதைக் கறுப்புப் பைக்குள் வைத்து, பையைப் பழைய பிலிம் பெட்டிக்குள் வையுங்கள்.

இந்த பிலிம் நிறத்தைப் பார்க்கும் விதம்

சிவப்பு தெரியாத கண்ணால் வேலூரைப் பார்த்தால் அது வேறு ஊராக இருக்கும். நெற்றிக் குங்குமம் கறுப்பாகும். செம்மண் சாலை இருளும், செங்கல் சுவரும் அப்படியே. நீல வானம் வெள்ளையாக வெளிறும். மேகம் அதிலேயே கரைந்துபோகும். முகத்தில் சின்ன மச்சமும் பருவும்கூடத் தூக்கலாகத் தெரியும், உதடு கறுக்கும். வயதானவர்கள் முகத்துக்கு இது மிக நன்றாக வரும், சுருக்கம் ஒவ்வொன்றும் பேசும். கல்யாணப் பெண்ணை எடுக்கப் போனால் சண்டை வரும். கருங்கல்லுக்கு இந்த பிலிம் பிரமாதம். கோட்டை மதில், கோயில் தூண், மலைப்பாறை என்று சாம்பல் நிறக் கல்லுக்கா நமக்குக் குறை?

கோட்டைக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடு வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில்லாமல் பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருவதும் செலவுதான்.

பிலிம் வேகத்தை, அதாவது அது ஒளியை உணரும் திறனைப் பொறுத்தவரை, கிரீன் சென்சிடிவ் பிலிமை வெயிலில் ஐ.எஸ்.ஓ. 80 என்று வைத்துத் தொடங்கலாம். மாலை ஐந்து மணிக்குமேல், வெளிச்சம் மஞ்சளாகச் சிவப்பாக மாறும்போது, ஒளி மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூடக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மீட்டர் பார்க்கும் சிவப்பை பிலிம் பார்ப்பதில்லை. பல்பு வெளிச்சத்தில் இன்னும் மோசம்.

உங்கள் பெட்டி, உங்கள் டெவலப்பர், உங்கள் ஷட்டருக்கான வேகத்தை ஒரே தாளில் கண்டுபிடிக்க முடியும். நல்ல வெயிலில், முன்னால் கருங்கல்லும் கொஞ்சம் நிழலும் இருக்கும்படி கேமராவை வையுங்கள். அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 22. டார்க் ஸ்லைடை முழுக்க இழுத்து 1/60 நொடி அடியுங்கள். ஸ்லைடைக் கால் பங்கு உள்ளே தள்ளி மறுபடி 1/60. இன்னொரு கால் பங்கு தள்ளி 1/30. மேலும் கால் பங்கு தள்ளி 1/15. கழுவினால் நான்கு பட்டைகள் வரும். அவை முறையே 1/60, 1/30, 1/15, ஏறக்குறைய 1/8 நொடி பெற்றவை. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 120, 60, 30, 15 என்று எடுத்ததற்குச் சமம். நிழலில் எந்தப் பட்டையில் விவரம் தெரியத் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் எண். நான்கு தாள் செலவழிக்க வேண்டிய சோதனை ஒரு தாளில் முடிந்தது. இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைப்பேன்.

அடிக்கும் வரிசை

தாள்கள் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தில்தான். இதற்குப் பிலிமே இல்லாமல் பழகலாம். காலி ஹோல்டரை வைத்து, வீட்டு ஜன்னலைப் பார்த்து, இருபது முறை முழு வரிசையையும் செய்யுங்கள். நான் வாய்விட்டுச் சொல்லும் வரிசை இது: மூடு, சுருக்கு, ஏற்று, சொருகு, இழு, அடி, திருப்பி மூடு.

ஃபோகஸ் பார்க்கத் திறந்துவைத்த லென்ஸை முதலில் மூடு. அப்பர்ச்சரைச் சுருக்கு. ஷட்டரை ஏற்று, ஒருமுறை வெறுமனே அடித்து ஓசையைக் கேட்டுவிட்டு மறுபடி ஏற்று. ஹோல்டரைச் சொருகு, அது பள்ளத்தில் உட்கார்ந்த சத்தம் கேட்க வேண்டும். லென்ஸைப் பார்க்கும் பக்கத்து ஸ்லைடை இழு. கேமரா ஆட்டம் நிற்க நான்கு எண்ணி, அடி. ஸ்லைடின் பிடியில் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் எடுக்காத தாள், கறுப்புப் பக்கம் தெரிந்தால் எடுத்த தாள். ஆகவே கறுப்பு வெளியே வரும்படி திருப்பி மூடு, கொக்கியைப் போடு. கையிலிருக்கும் நோட்டில் ஹோல்டர் எண்ணையும் எஃப் எண்ணையும் நொடியையும் எழுதும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். யாராவது பக்கத்தில் வந்து "இது என்ன கேமரா சார்?" என்று கேட்பார்கள், கேட்டே தீருவார்கள். "ரெண்டு நிமிஷம் அண்ணே, முடிச்சிட்டு காட்டறேன்" என்று சொல்லி, வரிசையை முடித்துவிட்டுப் பேசுங்கள். முடித்ததும் கறுப்புத் துணிக்குள் கூப்பிட்டு, தலைகீழாகத் தெரியும் ஊரைக் காட்டுங்கள்; அந்த முகங்களில் வரும் வியப்புக்காகவே கேமராவைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

கிட்டத்தில் எடுத்தால் பெல்லோஸ் கணக்கு உண்டு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை ஜன்னலோரம் வைத்து அதன் காம்பு முள்ளைப் பெரிதாக எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 150 மி.மீ. லென்ஸுக்கு பெல்லோஸ் 210 மி.மீ. நீண்டால், 210ஐ 150ஆல் வகுத்து வரும் 1.4ஐ அதே எண்ணால் பெருக்குங்கள்: இரண்டு மடங்கு வெளிச்சம், அதாவது ஒரு ஸ்டாப். 300 மி.மீ. நீண்டால் நான்கு மடங்கு. தையல்காரர் டேப் ஒன்று பெட்டியிலேயே இருக்கட்டும்.

கறுப்புத் துணியின் வெளிப்பக்கம் வெள்ளைக் காடாவாக இருந்தால் தலை வேகாது. எடுத்த ஹோல்டர்களை ஸ்கூட்டர் டிக்கியில் வெயிலில் விடாதீர்கள். தெர்மோகோல் பெட்டி ஒன்று போதும்.

நம் வெயிலில் கழுவுவது

புத்தகங்கள் 20 டிகிரி என்று சொல்லும். கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கைவைக்க முடிவதில்லை. நான் 24 டிகிரியை என் அளவாக வைத்துக்கொண்டேன். 20 டிகிரியில் பத்து நிமிடம் என்றால் 24இல் சுமார் ஏழு நிமிடம். இன்னும் சூடானால் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போய்விடும், அப்போது படம் திட்டுத்திட்டாக வரும். மருந்துப் பூச்சும் மென்மையாகி, தொட்டாலே உரியும்.

24க்கு இறக்க ஃபிரிட்ஜ் மட்டும்தான் வழி என்றில்லை. மண்பானையில் இரவு முழுக்க ஊறிய தண்ணீரை விடியற்காலை நான்கு மணிக்கு அளந்து பாருங்கள். நம் ஊரின் வறண்ட காற்றில் பானை நன்றாகவே குளிரும். அந்த நேரத்தில் கழுவினால் மே மாதத்திலும் சமாளிக்கலாம். டெவலப்பர் ட்ரேயைப் பெரிய ட்ரேயில் வைத்து, சுற்றிலும் பானைத் தண்ணீரை ஊற்றி, தேவைப்பட்டால் ஐஸ்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அந்த வெளித் தண்ணீரில் போடுங்கள். ஐஸை நேராக டெவலப்பரில் போடக் கூடாது. எல்லா ட்ரேயும் கழுவும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும். திடீரென்று மாறினால் பூச்சு வெடித்து வலைமாதிரி ஆகிவிடும்.

டெவலப்பரை வீட்டிலேயே கலக்கலாம். டி-23 மாதிரி எளியது வேறு இல்லை, இரண்டே பொருள். ஒரு லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், நீர் நீக்கிய சோடியம் சல்பைட் 100 கிராம். வெதுவெதுப்பான 750 மி.லி. தண்ணீரில் ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால் முழுவதும், அது கரைந்தபின் மீதி சல்பைட், கடைசியில் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். வரிசை மாறினால் மெட்டால் கரைய அடம்பிடிக்கும். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரம், கரண்டி எதையும் இதற்கு எடுக்காதீர்கள்.

எக்ஸ்ரே பிலிம் இயல்பிலேயே கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும். அதை அடக்க டெவலப்பரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கிறேன். ட்ரேயின் அடியில் வழவழப்பான கண்ணாடி ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஒரே ஒரு தாள். ட்ரேயின் மூலையை மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். சிவப்பு விளக்கில் படம் எழுந்து வருவதை நீங்களே பார்க்கலாம். எனக்கு ஆறு நிமிடம் பக்கத்தில் சரியாக வருகிறது. நீங்கள் நான்காம் நிமிடத்திலிருந்து பார்த்து முடிவு செய்யுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் படம் உண்மையில் இருப்பதைவிடக் கறுப்பாகத் தெரியும், அதனால் 'போதும்' என்று தோன்றியபின் இன்னும் அரை நிமிடம் விடுங்கள்.

பிறகு வெறும் தண்ணீரில் ஒரு நிமிடம், அப்புறம் ஹைப்போ, படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம். லிட்டருக்கு 250 கிராம் ஹைப்போ படிகம். கரைக்கும்போது தண்ணீர் தானாகவே நன்றாகக் குளிர்ந்துவிடும், அது நமக்கு லாபம். சூடு மற்ற ட்ரேக்களோடு சமமானபின் பயன்படுத்துங்கள். பால்வெள்ளை மறைந்து தாள் தெளிய எவ்வளவு நேரம் ஆனதோ, அதே அளவு நேரம் இன்னும் விடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு அலசும் பழக்கம் வேண்டாம், நம் ஊருக்கு அது கட்டுப்படியாகாது. ட்ரேயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று நிமிடம் ஆட்டி, கொட்டி, மறுபடி நிரப்பி என்று ஏழெட்டு முறை செய்தால் போதும். போர் தண்ணீர் உப்பு காய்ந்ததும் புள்ளியாகத் தங்கும். கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணீரில்.

இன்னும் மலிவாக, இன்னும் நல்லதாக

எக்ஸ்ரே பிலிமே கிடைக்காவிட்டால் கறுப்பு வெள்ளை பிரிண்ட் பேப்பரை வெட்டி ஹோல்டரில் போடலாம். ஐ.எஸ்.ஓ. 3 முதல் 6 என்று வைத்தால், வெயிலில் எஃப் 22க்கு அரை நொடி பக்கம் வரும். அசையாத பொருளுக்கு நல்லது, ஹோல்டரில் ஒளி கசிகிறதா என்று பார்ப்பதற்கு இன்னும் நல்லது.

பத்துத் தாளில் எட்டு தேறத் தொடங்கியதும் பெட்டி பிலிமுக்குப் போங்கள். முதல் பெட்டிக்கு போமாபான் 100 என் தேர்வு, தாள் கணக்கில் விலை குறைவு. ஆனால் அதற்கு நீண்ட நொடிகள் பிடிக்காது. மீட்டர் 1 நொடி என்றால் 2 நொடி, 10 நொடி என்றால் 80 நொடி கொடுக்க வேண்டும் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். இருண்ட கோயில் மண்டபத்துக்கு இல்போர்டு எச்.பி.5 கொஞ்சம் கூட விலை கொடுத்தாலும் தகும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வரவழைத்தால் கூரியர் செலவு பங்காகும். கார்த்திகை, மார்கழியில் வரவழையுங்கள். மே மாதத்தில் பார்சல் எந்தக் கிடங்கில் வேகுமோ தெரியாது. வந்ததும் காற்றுப்புகாத பையில் ஃபிரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்தபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே பிரியுங்கள்.

பெட்டி பிலிமுக்குச் சிவப்பு விளக்கு கிடையாது, முழு இருட்டு. தாளை நெட்டுக்குத்தாகப் பிடித்து, வெட்டுக்குறி மேல் வலது மூலையில் உங்கள் விரலுக்குத் தட்டினால், மருந்துப் பக்கம் உங்களைப் பார்க்கிறது. எக்ஸ்ரே பிலிமில் பழகிய கைக்கு இது ஒன்றுதான் புதுப் பாடம்.

பிரிண்டுக்கு என்லார்ஜர் தேடி அலைய வேண்டாம். நெகட்டிவே பெரிது, அப்படியே தாள்மேல் வைத்து எடுக்கலாம். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த சயனோடைப் நீலப் பிரிண்டுக்கு இரண்டு ரசாயனம், ஒரு கண்ணாடி, கொஞ்சம் வெயில் போதும். வெயிலுக்கு நாம் காசு கொடுப்பதில்லை.

ஹைப்போவைக் கொட்டாதீர்கள்

பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றினால் கடைசியில் போய்ச் சேருவது பாலாறு. தோல் கழிவால் அந்த ஆறு பட்ட பாடு இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நம் பங்கையும் சேர்க்க வேண்டாம். எக்ஸ்ரே லேப்களிலிருந்து பழைய ஹைப்போவை வாங்கி வெள்ளி பிரித்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிலிம் வாங்கும் கடையிலேயே விசாரித்தால் வழி சொல்வார்கள். நம்மிடம் சேரும் அளவுக்குக் காசு கிடைக்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். அதுவரை ஐந்து லிட்டர் கேனில் ஊற்றி மூடி, 'பழைய ஹைப்போ' என்று பெரிதாக எழுதி, தேதி போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத பரணில் வையுங்கள்.